தோட்டத்து மண் கரைத்த டம்ளர்

செவிலியர் தின விழாவுக்கு வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று, நான் வேலை பார்த்த தேனி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு நான் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. கூப்பிட்டது புற்றுநோய் வார்டில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் என்பதால் சரி என்றேன். போய் இறங்கினால் வாசலிலேயே பெரிய ஃபிளெக்ஸ்: 'புற்றுநோயாளிகளைக் காக்கும் தேவதைகளுக்கு நன்றி!' இறக்கை வைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண் அதில் சிரித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தேவதைக்கு இடுப்பு வலிக்காது. தேவதைக்கு அவசரத்துக்குப் பாத்ரூம் போக வேண்டியிருக்காது. இன்றைக்கு எலும்பு வார்டு, நாளைக்குப் பிரசவ வார்டு என்று தூக்கித் தூக்கிப் போட்டாலும் தேவதை ஏன் என்று கேட்காது. எங்களைத் தேவதை என்று சொல்வதே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். நான் நர்ஸ். கேட்பேன்.

மேடையில் இப்படித் தொடங்கியதும் நிர்வாகத்திலிருந்து ஒரு தம்பி ஓடிவந்து, "மேடம், டைம் ஆச்சு" என்று காதில் சொன்னார். "நான் ரிட்டயர் ஆயிட்டேன் தம்பி, எனக்கு டைம் நெறையக் கெடக்கு" என்று மைக்கிலேயே சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்படியும் பாதிதான் பேச முடிந்தது. மேடையில் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் நூர்ஜஹான். ஊர் உத்தமபாளையம். மதுரையில் படித்தது, ஊசி போடப் பழகியது, முதல் சாவைப் பார்த்து அழுதது எல்லாம் எல்லா நர்ஸுக்கும் உள்ள கதைதான், விட்டுவிடுகிறேன். தேனியில் சில வருஷம் பிரசவ வார்டில் இருந்த என்னைப் புற்றுநோய் வார்டுக்கு மாற்றிய அன்று, எங்கள் வீடு துக்க வீடு மாதிரி இருந்தது. அந்த நோய் ஒட்டிக்கொள்ளும் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். மாமி ஒருத்தி என் கையால் கொடுத்த தண்ணீரை வாங்க யோசித்தாள். வேண்டாமென்றால் போகட்டும் என்று அவள் முன்னாலேயே அதை நான் குடித்துவிட்டேன்.

அந்த வார்டின் பொறுப்பு நர்ஸ் செல்லத்தாய் சிஸ்டர். கேரள எல்லையோரத் தேவாரம் ஊர்க்காரர். ஒல்லியான ஆள், குரல் மட்டும் ஆளைவிடப் பெரிது. அவர் வாயிலிருந்து 'ஒண்ணும் ஆகாது' என்ற வார்த்தையை நான் கேட்டதே இல்லை. புதிதாக வரும் நோயாளியின் எதிரே உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார்.

"வாந்தி வரும். முடி கொட்டும், பெறகு மொளைக்கும். வாயி புண்ணாகும். ஒடம்புல எதுப்புச் சத்து கொறைஞ்சு போகும். அந்த நேரம் காச்சல் வந்துச்சுன்னா, விடியட்டும் பாப்போம்னு இருக்காதீக. கெடைக்கிற வண்டியப் பிடிச்சு வந்துருங்க."

வந்த அன்றே இப்படிப் பயமுறுத்தலாமா என்று நான் கேட்டேன். "ஒண்ணும் ஆகாதுன்னு நாம சொல்லி, நாளைக்கு அவுக வாந்தி எடுத்தா, நாளன்னைக்கி நம்ம சொல்ல யாரு நம்புவா?" என்றார்.

ஒவ்வொரு பாட்டிலையும் மாட்டுவதற்கு முன்னால் நோயாளி தன் வாயால் தன் பெயரைச் சொல்ல வேண்டும். நாம் சொல்லி அவர் தலையாட்டுவது செல்லாது. ஆளுக்கு ஆள் மருந்து வேறு. மாற்றி ஏற்றினால் உயிரே போய்விடும். "தெனமும் பாக்குற ஆளுதானே சிஸ்டர்?" என்று நாங்கள் சலித்துக்கொண்டால், "ஒனக்குத் தெரியும். பாட்டிலுக்குத் தெரியுமா?" என்பார்.

சிவப்பு மருந்து என்று ஒன்று உண்டு. நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையைத் தின்றுவிடும். அதை ஏற்றும்போது மட்டும் செல்லத்தாய் சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு நோயாளியின் கைப்பக்கம் உட்கார்ந்துவிடுவார். கொஞ்சம் ஏற்றுவது, ரத்தம் திரும்பி வருகிறதா என்று இழுத்துப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம் ஏற்றுவது. யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். "எரிஞ்சா எரியுதுன்னு சொல்லிருங்க. மருவாதைக்காகப் பொறுத்துக்கிறாதீக" என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் சொல்வார். எங்கள் பக்கத்து ஆட்கள் அப்படித்தான். நர்ஸம்மா வருத்தப்படுமே என்று வலியை மறைத்துவிடுவார்கள். குமுளிப் பக்கத்து ஏலத்தோட்டங்களிலிருந்து வருகிறவர்களிடம் "வேதன உண்டோ?" என்று கேட்பார். தேவாரத்தில் பிறந்தும் அவருக்குத் தெரிந்த மலையாளம் அவ்வளவுதான். பதில் புரியாது, முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

சாயங்காலம் ஆனால் டார்ச் லைட்டோடு கட்டில் கட்டிலாக வருவார். "வாயத் தொறந்து காட்டுங்க." நாக்கு, அடிநாக்கு, கன்னத்தின் உள்பக்கம், அண்ணம் எல்லாம் பார்ப்பார். எங்கே வெள்ளை படிந்திருக்கிறது, எங்கே சிவந்திருக்கிறது என்று எனக்கும் காட்டுவார். பிறகு, "சரி, மூடிக்கங்க." உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரைக் கொடுத்துக் கொப்பளிக்க வைத்துவிட்டுத்தான் அடுத்த கட்டில். மருந்து ஏற்றிய உடம்பில் கிருமி நுழைகிற முதல் வாசல் வாய்தான். நேற்று அந்த வாயைப் பார்த்தவளுக்குத்தான் இன்று அது மோசமாகியிருக்கிறதா என்று தெரியும். இந்த ஒரு வரியைத்தான் நான் மேடையில் சொல்லப் போனேன்.

வார்டுக்குள் அவர் வைத்த சட்டம் வேறு சில உண்டு. அழுகிறவர்கள் வெளியே புங்க மரத்தடிக்குப் போய்விட வேண்டும். குச்சனூர் கோயில் திருநீறு கொண்டு வந்தால் நெற்றியில் பூசலாம், வாயில் போடக் கூடாது. "நெத்தியில பூசுனா சாமி கோவிச்சுக்கிற மாட்டாரு." கழுவாத பழத்துக்கு வார்டில் இடமே இல்லை.

இனி தங்கராசு விஷயத்துக்கு வருகிறேன். சின்னமனூர் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர். கழுத்தில் நெறி கட்டியதுபோல உருண்டை உருண்டையாக வந்தது. மதுரையில் சதை எடுத்துப் பார்த்து நிணநீர்ப் புற்று என்று சொல்லிவிட்டார்கள். மதுரைப் பெரிய டாக்டர் வாரம் ஒருமுறை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். "இது குணமாகிற வகை. பாதியில விடாம மருந்த முழுசா ஏத்திக்கிட்டா பொழைச்சிருவார்" என்று வீட்டாரை உட்காரவைத்துச் சொன்னார். வீட்டார் என்றால் மனைவி வேலுத்தாய், அண்ணன் கருப்பையா. தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர் கருப்பையா. அவர் சொன்னால் அங்கே மறுபேச்சு கிடையாது.

இரண்டாம் தடவை மருந்து ஏற்றி ஊருக்குப் போனவர், ஒரு வாரத்தில் காய்ச்சலோடு திரும்பி வந்தார். தக்காளி ஏற்றிப் போன வேனை மறித்து வேலுத்தாய் கூட்டி வந்திருந்தாள். அவள் சேலையெல்லாம் தக்காளிக் கறை. "நீதான்டி ஆத்தா கெட்டிக்காரி" என்றார் செல்லத்தாய் சிஸ்டர். அவர் யாரையும் அப்படிப் பாராட்டி நான் அதுவரை கேட்டதில்லை.

எதிர்ப்புச் சத்து அடியோடு இறங்கியிருந்தது. வாய் முழுக்கப் புண். எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. ஆன்டிபயாடிக் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் மறுநாள் ஆள் கண் திறக்கவில்லை. பாட்டில் மாற்றப் பெயரைக் கேட்டால் முனகுவார், பிறகு அமிழ்ந்துபோவார். பெரிய டாக்டருக்குப் போன் போட்டோம். "ரத்தத்துல கிருமி பரவியிருக்கு. மருந்து பிடிக்க ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் பாட்டில் நிக்கவே கூடாது" என்றார்.

இது எங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்ததெல்லாம், புற்றுநோய், கண் திறக்கவில்லை, சோறு தண்ணீர் இறங்கவில்லை என்பதுதான். ஊருக்கு அது போதும்.

அதற்கு அடுத்த நாள் முற்பகலில் ஒரு வேன் நிறைய ஆள் வந்து இறங்கியது. பெண்கள் படியேறும்போதே மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டார்கள். முன்னால் கருப்பையா. கையில் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர், மேலே சின்னத் தட்டு போட்டு மூடியிருந்தது. பால் என்று நினைத்தேன். தட்டை எடுத்தார். செம்மண் கலங்கிய தண்ணீர்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், அந்த ஆளுக்கு எதன் மேலோ ஆசை தீரவில்லை என்பார்கள். பணத்தின் மேல் ஆசை உள்ளவருக்குக் காசை உரசிய தண்ணீர் கொடுப்பார்கள். நிலத்தின் மேல் ஆசை உள்ளவருக்கு அந்த நிலத்து மண்ணைக் கரைத்து வாயில் விடுவார்கள். விட்டதும் நிம்மதியாகப் போய்விடும் என்பது நம்பிக்கை. கருப்பையா கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. தம்பி படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் தோட்டத்துக்குப் போய், திராட்சைக் கொடியின் தூரில் மண் எடுத்துக் கரைத்துக் கொண்டு வந்திருந்தார். அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. அந்த மண்ணில் எரு உண்டு, கிருமி உண்டு, பூச்சிமருந்து உண்டு. விழுங்க முடியாத ஆள் வாயில் விட்டால் நேரே நுரையீரலுக்குத்தான் போகும். அந்த ஒரு மடக்கில் தங்கராசு செத்திருப்பார்.

செல்லத்தாய் சிஸ்டர் கட்டிலுக்கும் டம்ளருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"என்னண்ணே அது?"

"தோட்டத்து மண்ணும்மா. இவன வீட்டுக்குக் கூட்டிப் போறோம். வழியிலயே போயிட்டான்னா ஆசையோட போயிருவான். ஒரு சொட்டு ஊத்திருறேன், தள்ளுங்க."

"அவரு சாகலண்ணே."

"நீங்க அப்படித்தான் சொல்லுவீக. பெத்த புள்ளையாட்டம் வளத்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

"சாகுற நேரம்னா நானே சொல்லுவேன், பாலு கொண்டாங்கன்னு. இந்தக் கையால பஞ்ச நனைச்சு எத்தனையோ பேரு ஒதட்டுல வச்சிருக்கேன். இவருக்கு அந்த நேரம் வரல. மண்ணு மேல ஆசைன்னா எந்திரிச்சுப் போயி மிதிக்கட்டும். குடிக்க வேணாம்."

அவர் சொன்னது உண்மை. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, இந்து வீட்டு ஆட்களுக்குப் பாலும் எங்கள் ஆட்களுக்கு ஜம்ஜம் தண்ணீரும் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தவர் அவர்தான். எல்லாரும் பிழைத்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போனவர்கள் அதிகம். அவர்களையும் அழுக்கில்லாமல், வலியில்லாமல், தனியாக இல்லாமல் அனுப்பி வைத்தோம்.

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. "ஒரு நர்ஸுக்கு இம்புட்டு வாயா?" என்றார் ஒருவர். "ஏலே, அந்தப் பாட்டிலக் கழட்டுடா!" என்று இன்னொருவர் கத்த, ஒரு கை பாட்டில் தொங்கும் கம்பியை நோக்கி வந்தது. நான் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "கைய எடுங்க" என்றேன்.

டியூட்டி டாக்டர் வந்தார். சின்ன வயசு. சிஸ்டர் பக்கம் சாய்ந்து மெதுவாக, "சொந்தப் பொறுப்புன்னு கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிருங்க சிஸ்டர். நமக்கு எதுக்கு வம்பு?" என்றார்.

சிஸ்டர் தொங்கிய பாட்டிலை நிமிர்ந்து பார்த்தார். அது தீரப்போகிற நேரம். "நூரு, அடுத்த பாட்டில எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போதும் போலக் குனிந்து கேட்டார்.

"பாட்டிலு மாட்டணும். உங்க பேரச் சொல்லுங்க."

"பேச்சு மூச்சில்லாமக் கெடக்கான், அவங்கிட்டப் பேரக் கேக்குறாளே!" என்று ஒரு கிழவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் காத்திருக்கேன். நீங்க சொன்னாத்தான் மாட்டுவேன். உங்க பேரு என்ன?"

சொல்லாவிட்டால் என்ன செய்வார்? ஒரு கூட்டமே அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. புண் வெடித்துக் கறுத்துப்போன உதடு. அது அசைந்தது.

"தங்... ராசு."

அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். சிஸ்டர் நிமிரவில்லை. "வீட்டுக்குப் போறீகளா, இங்கன இருக்கீகளா?" என்று கேட்டார்.

கண் திறக்கவே இல்லை. ஒவ்வொரு எழுத்தும் அந்தப் புண்ணில் உரசிக்கொண்டுதான் வந்தது. "பாட்டிலு... இன்னும் தீரலையே."

அதற்குள், இத்தனை நேரம் கூட்டத்துக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற வேலுத்தாய் முன்னால் வந்தாள். புருஷனின் அண்ணன் எதிரே நிமிர்ந்து நிற்காதவள். அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். அவரும் கொடுத்துவிட்டார். அவள் சிஸ்டரைப் பார்த்து, "இத எங்கன கொட்டணும்மா?" என்று கேட்டாள்.

"அந்தா, அங்கன தொட்டியில கொட்டு. கைய சோப்புப் போட்டுக் கழுவு" என்றார் சிஸ்டர். புதுப் பாட்டிலை மாட்டினார்.

கருப்பையா நேரே ஆபீசுக்குப் போய், நர்ஸ் மரியாதை இல்லாமல் பேசிவிட்டாள் என்று புகார் கொடுத்தார். நிர்வாக அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். "கட்டில்ல படுத்திருக்காரே, அவரு எந்திரிச்சு வந்து கேக்கச் சொன்னா கேக்குறேன் சார். அவரு அண்ணனுக்காகக் கேக்க மாட்டேன்" என்றார் சிஸ்டர். மெமோ கொடுக்க வேண்டிவரும் என்றார் அதிகாரி. "குடுங்க, வாங்கிக்கிறேன். இப்ப வாயி பாக்குற நேரம், நான் போகணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் யார் பின்னாலும் நடந்ததில்லை.

பெரிய டாக்டர் சொன்னபடியே மருந்து பிடித்தது. காய்ச்சல் விட்டது. கண் திறந்த தங்கராசு வேலுத்தாயிடம் கேட்ட முதல் கேள்வி, "திராச்சைக்கு மருந்தடிச்சாச்சா?" வாசலில் நின்ற கருப்பையா அதைக் கேட்டதும் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார்.

"அழுகுறவக வெளிய" என்றார் சிஸ்டர்.

"சந்தோசத்துல அழுகுறேம்மா!"

"எதுல அழுதாலும் மரத்தடிதான்."

மனுஷன் போனார். புங்க மரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதுவிட்டு வந்தார். மெமோ வரவில்லை. சபாஷ் என்று ஒரு வார்த்தையும் ஆபீசிலிருந்து வரவில்லை. டம்ளரைத் திருப்பிக் கேட்டபோது, "அது ஆஸ்பத்திரியில சேந்துருச்சுண்ணே" என்று சொல்லிவிட்டார் சிஸ்டர். கொதிக்க வைத்துக் கழுவி, கொப்பளிக்கிற தண்ணீருக்கு உப்பு சோடா கலக்க அதைத்தான் அளவு டம்ளராக வைத்திருந்தார். இன்னமும் அந்த வார்டில் அதில்தான் அளக்கிறார்கள்.

செல்லத்தாய் சிஸ்டருக்கு நான் நன்றிக்கடன் பட்டவள். என்னை நர்ஸாக்கியது மதுரைப் படிப்பு இல்லை, அவர். அவரைப் போல எத்தனையோ பேர் எத்தனையோ வார்டுகளில் நின்றார்கள், நிற்கிறார்கள். அவர்கள் காலைத் தொட்டுச் சொல்கிறேன், நன்றி. ஆனால் நிர்வாகம் நன்றி சொல்கிற விதம் வேறாக இருக்க வேண்டும். இப்போது புது ஏற்பாடாம்: எந்த நர்ஸும் எந்த வார்டிலும் நிற்கலாமாம், ஆளை மாற்றி மாற்றிப் போடுவார்களாம். நேற்று அந்த வாயைப் பார்க்காதவள் இன்று எதை வைத்து, "இவரு சாகல" என்று சொல்வாள்? ஒரு கூட்டத்தின் எதிரே எந்தத் தைரியத்தில் நிற்பாள்? சால்வையை எடுத்து உள்ளே வையுங்கள். இந்தப் பிள்ளைகளை இந்த வார்டிலேயே விடுங்கள், கூட ஆள் போடுங்கள். இதை மேடையில் சொன்னபோது நிர்வாகத்தார் தரையைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மறுபடி கூப்பிட்டாலும் இதையேதான் சொல்வேன்.

விழாவுக்கு செல்லத்தாய் சிஸ்டரையும் கூப்பிட்டேன். முட்டி வலியோடு வீட்டில் இருக்கிறார். "இந்த வெயில்ல சால்வையப் போத்திக்கிட்டு நான் என்ன பண்ண? வார்டுக்கு ஒரு ஆளக் கூடப் போடச் சொல்லு, அன்னைக்கி நொண்டிக்கிட்டாவது வாரேன்" என்றார்.

கூட்டம் முடிந்து பிள்ளைகளோடு மாடியில் வார்டுக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அந்தத் தங்கராசு... இப்ப இருக்காகளாக்கா?"

"சன்னல் வழியா எட்டிப் பாரு" என்றேன்.

கீழே கேட்டில் தலை நரைத்த ஒருவர் திராட்சைக் கூடையோடு நின்று வாட்ச்மேனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அறுப்புக்கு அறுப்பு அவர் கூடையோடு வருவதும், வார்டுக்குள் விட மாட்டோம் என்று நாங்கள் துரத்துவதும் வழக்கம். நான் பேசப் போகிறேன் என்று கேள்விப்பட்டு அன்றைக்கும் வந்திருந்தார்.

நான் சன்னலில் நின்று சத்தம் போட்டேன். "என்ன தங்கராசண்ணே, பழத்தக் கழுவிக் கொண்டாந்தீகளா?"

அவர் அண்ணாந்து பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் கூடையைக் கீழே வைத்தார். நின்ற இடத்திலேயே வாயை அகலத் திறந்து காட்டினார். பிள்ளைகள் எல்லாரும் சன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

மாடியிலிருந்து ஒன்றும் தெரியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் பார்த்தேன். நிதானமாகப் பார்த்துவிட்டு, "சரி, மூடிக்கங்க" என்றேன்.